சம்பாதிக்காதவன் எழுத வேண்டிய ஓலை

முத்துத்துறையில் கப்பலை விட்டு இறங்குவது சுலபம். இறங்கிவிட்டோம் என்று அதிகாரிகளை நம்பவைப்பதற்குத்தான் நாக்குத் தள்ளிவிடும்!

சாவகத் தீவிலிருந்து வானநூல் படிக்க வந்த ஜயகீர்த்தி பட்ட பாட்டைக் கேளுங்கள். எதற்கு வந்தாய் என்பதற்கு ஓர் ஓலை. எங்கே தங்குகிறாய் என்பதற்கு ஓர் ஓலை. பத்து நாளுக்குள் ஆசிரியர் முன்னால் நின்றாயா என்பதற்கு மூன்றாவது ஓலை. மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக ஓராண்டு நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காவலர்கள் வந்து அவனை அரசவைக்கு இழுத்துப் போனார்கள்.

"அரசே, பங்குனிக் கடைசி நாளுக்குள் தரவேண்டிய வரி ஓலையை இவன் கொடுக்கவில்லை. நாளை புறப்படும் கப்பலில் ஏற்றி அனுப்பவேண்டும்" என்றார் வரி அதிகாரி கோட்டீசர். சட்டத்தைச் சோறு போல மூன்று வேளையும் சாப்பிடுகிற மனிதர் அவர்.

ஜயகீர்த்தி கண் கலங்கிவிட்டான். "ஐயா, நான் ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லையே! கோயில் சோறு, மடத்துத் திண்ணை, இதுதான் என் வாழ்க்கை. எதற்கு வரி ஓலை?"

"சம்பாதிக்கவில்லை என்று எழுதித் தருவதற்குத்தான்!"

அவையில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். அரசர் பொன்னிவளவன் அடக்கவில்லை, ஆனால் உடனே முகம் வாடினார். அந்தச் சட்டத்தில் இருந்தது அவருடைய முத்திரை. படிக்காமல் குத்திய முத்திரை. அதை எப்படி வெளியில் சொல்வது?

"பாவம், நல்ல பிள்ளை. போன மாதம் கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொன்னான்" என்று முணுமுணுத்தவர், அவைப்புலவர் தில்லையழகியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் வாய் திறந்தால் அவைக்குப் பொழுதுபோகும், யாருக்காவது தலைவலி வரும்.

தில்லையழகி எழுந்தாள். "அதிகாரி சொல்வது நியாயம் அரசே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இல்லை என்று எழுதித் தராதவனை எப்படி எடுத்துக்கொள்வது?"

"இருப்பதை மறைக்கிறான் என்று எடுத்துக்கொள்ளவேண்டும்" என்றார் கோட்டீசர்.

"மறந்துபோயிருந்தால்?"

"மறதிக்குச் சட்டத்தில் இடமில்லை."

"பங்குனிக் கடைசி நாள் தாண்டிவிட்டால்?"

"தாண்டினால் தாண்டியதுதான்!"

"இது வெளிநாட்டாருக்கு மட்டுமா?"

கோட்டீசர் நெஞ்சை நிமிர்த்தினார். "அந்த ஓரவஞ்சனை என்னிடம் கிடையாது, அம்மா. யாராக இருந்தாலும் இதே கணக்குத்தான். நான் உட்பட!"

"ஆகா, நாட்டுக்கு இப்படி ஒருவர் போதும்!" என்று கைகூப்பினாள் தில்லையழகி. "அதிகாரி அவர்களே, இந்த ஆண்டு நீங்கள் லஞ்சம் வாங்கினீர்களா?"

"சிவசிவா! ஒரு வாழைப்பழம்கூட வாங்கவில்லை!"

"நம்புகிறேன். வாங்கவில்லை என்று பங்குனிக்குள் எழுதிக் கொடுத்த ஓலை எங்கே?"

கோட்டீசர் தன் ஓலைக்கட்டை அவசரமாகப் புரட்டினார்.

"எழுதித் தராதவர் மறைக்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அரசே, நாளைய கப்பலில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா?"

அரசர் மீசையைத் தடவினார். "சாவகம் நல்ல ஊர்தான், கோட்டீசரே. மழை கொஞ்சம் அதிகம்."

"அரசே! அரசே!" அதிகாரி இரண்டடி முன்னால் ஓடிவந்தார். "நாள் தவறினாலும் ஓலையை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது!"

"அப்படியா? எப்போதிலிருந்து?" என்றார் அரசர்.

"இப்போதுதான்... இப்போதுதான் நினைவுக்கு வந்தது!"

"அப்படியானால் விருந்தாளி முதலில் எழுதட்டும். உங்கள் எழுத்தாணியை அவனிடம் கொடுங்கள்" என்றாள் தில்லையழகி.

கோட்டீசர் எழுத்தாணியோடு தன் ஆசனத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஜயகீர்த்தி ஒரே வரி எழுதினான். மை தடவக்கூடப் பொறுக்காமல் அதிகாரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் ஓலையை எழுத உட்கார்ந்தார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "இந்தா தில்லையழகி! நீதான் பரிசென்றால் எப்போதும் வேண்டாம் வேண்டாம் என்பாயே, இன்றைக்கு என்ன சொல்கிறாய்?" என்றார்.

தில்லையழகி சட்டென்று கையை நீட்டினாள்.

"கொடுத்துவிடுங்கள் அரசே. வாங்காமல் போனால் அதற்கும் ஓர் ஓலை எழுதவேண்டும்!"