பச்சை பூத்த எரு

இதில் ஒரு சொல் பொய்யென்றால், இனி நான் போடும் வெற்றிலை என் வாயில் சிவக்காமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

உப்பளங்களுக்கு மேற்கே ஒரு கொடிக்கால். பலவேசத்தினுடையது. அங்கே விளைந்த வெற்றிலை ஒன்றைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு அடைமழையில் நான் கடைவீதி போய் வந்திருக்கிறேன். நனையவில்லை.

பலவேசம் ஒல்லி. ஊரில் அவருக்குப் பெயரே பூஞ்சை.

ஒரு நாள், ஊருக்கே யோசனை சொல்லும் உலகம்மாளின் மடத்துக்கு வந்து நின்றார். உலகம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவர் தாயி என்றுதான் அழைப்பார்.

"தாயி, கொடி அடித்தண்டு கறுத்து அழுகுது. நாப்பது வரிசையில ஆறுதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா நான் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகணும்."

"எங்கேருந்து வருது?"

"மண்ணுலேருந்து. ஏதோ பூஞ்சையாம்."

உலகம்மாள் இரண்டு பொட்டலம் எடுத்தாள். ஒன்றைக் கொடுத்தாள். டிரைக்கோடெர்மா என்று அதில் எழுதியிருந்தது. அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாசலில் நிழல் ஒரு சாண் நகர்ந்துவிட்டது.

"மக்கின எருவுல கலந்து நிழல்ல குவிச்சு வையும். ஈரம் காயக்கூடாது. பதினஞ்சு நாள் கழிச்சுக் கொடி வேருக்குப் போடும்."

"இது என்னது தாயி?"

"பூஞ்சை."

"அழுக வைக்கிறதும் பூஞ்சை, மருந்தும் பூஞ்சையா?"

உலகம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

பலவேசம் சொன்னபடி செய்தார். பத்தாம் நாள் சாக்கை விலக்கிப் பார்த்தார். எரு முழுக்கப் பச்சை. சாதாரணப் பச்சையா? ஒரு கிளி வந்து, ஜோடி என்று நினைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தது.

பலவேசம் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரையும் விடாதவர். அத்தனை சுத்தம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

இருபதாம் நாள் மடத்தில் அவர் குரல் கேட்டது.

"மருந்துன்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே! எருவைப் போட்டேன், ரெண்டு வரிசை சாஞ்சிருச்சு. இன்னும் நாலுதான்!"

"எரு பச்சை பூத்துச்சா?"

"பூத்துச்சு. விடுவேனா? பூஞ்சையைக் கொல்லுற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு ஊத்தினேன். ஒரு பொட்டுப் பச்சை இல்லாம அழிச்சுட்டுத்தான் வேருக்கே போட்டேன்."

"அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா?"

"அரை வாளி இருக்கு."

"கொண்டாரும்."

பலவேசம் பெருமையாக ஓடிப்போய்க் கொண்டுவந்தார். நீலமாக இருந்தது. உலகம்மாள் வாளியை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உம்மை ஊர்ல என்ன சொல்லிக் கூப்பிடுதாங்க?"

அவர் நெளிந்தார். "பூஞ்சைன்னு."

வாளி அவர் தலைக்கு மேலே போனது. சாயத் தொடங்கியது. ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது.

"ஐயையோ தாயி! நான் உங்க ஆளு!"

வாளி அப்படியே நின்றது.

"அந்தப் பச்சையும் இப்படித்தான் கத்தியிருக்கும், அண்ணாச்சி."

பலவேசம் மூக்கைத் துடைக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். உலகம்மாள் இரண்டாவது பொட்டலத்தை அதில் வைத்தாள்.

புது எரு பக்குவமாவதற்குள் நாலு வரிசையில் ஒன்று போனது. மூன்று நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

கொடிக்காலுக்கு வெளியே புதுக் குவியல் பச்சை பூத்த அன்று நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். பலவேசம் வந்தார். நாலு அடி தள்ளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு அதன் பக்கத்தில் போய்ச் சாக்கை விலக்கினார்.

யார் சொன்னது என்று கேட்டால் கிளி சொன்னது என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். அந்த அரை வாளி இன்னும் மடத்தில்தான் இருக்கிறது.