நாலு மைக்கும் ஒரே நேரத்துல

ஏய், பொருளாதாரம்னதும் கொட்டாவி விடுற என் சிங்கங்களா, ஓடாதீங்க! இது மைக்செட் சன்னாசியோட கதை.

மதுரையில காலேஜ் பசங்க சனிக்கிழமைதோறும் அரசுக் கொள்கை பத்தி ஊருக்கே பொதுவா விவாதம் நடத்துவாங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும், மணி அடிச்சா நிறுத்தணும். அன்னைக்கு வந்த சிறப்பு விருந்தினர், பொருளாதாரப் பேராசிரியர் டாக்டர் குற்றாலநாதன், மணிய மதிக்காம முக்கால் மணி நேரம் முழங்கினாரு.

"கட்டுப்பாடுங்கிறதே எங்கேயும் தேவையில்ல! தேவைன்னு ஒரே நிமிஷத்துல நிரூபிங்க. முடியலன்னா இந்த விவாதத் தொடர இன்னையோட மூடச் சொல்லி உங்க பிரின்சிபால்கிட்ட சொல்லிருவேன்."

ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல இருந்து சன்னாசி எந்திரிச்சாரு.

"ஐயா, நான் நிரூபிக்கட்டுங்களா?"

"நீயா? போய் ஒயரப் பாருய்யா!"

"சரிங்கய்யா."

சன்னாசி மணிய எடுத்துப் பைக்குள்ள போட்டாரு. நாலு மைக்கையும் கூட்டத்துக்குள்ள குடுத்துட்டு, சத்தத்த முழுசாக் கூட்டினாரு. "கட்டுப்பாடே கிடையாது! யார் வேணா எப்ப வேணா பேசுங்க!"

ஒருத்தன் ஜிஎஸ்டிய திட்டுனான், ஒருத்தி தாலாட்டு பாடுனா, ஒரு பெரியவரு தொலைஞ்ச செருப்பக் கேட்டாரு. டாக்டர் கையக் கைய ஆட்டிட்டு, கடைசியில மேஜை மேலயே ஏறிட்டாரு. அவரு வாயத் திறந்த நேரம் பார்த்து சன்னாசி நாலு மைக்கையும் அணைக்க, டாக்டரோட கத்தல் மட்டும் ஹாலுக்கே கேட்டுச்சு:

"யோவ், யாராவது இதக் கட்டுப்படுத்துங்கய்யா!"

"நாப்பது செகண்டுதான் ஆச்சுங்கய்யா," சன்னாசி பவ்யமா சொன்னாரு. "மிச்சம் இருபது வேணுங்களா?"

அடுத்த சனிக்கிழமையும் விவாதம் நடந்துச்சு. டாக்டர் மேஜை ஏறுன அன்னைக்கு நாலாவது மைக்கு யார்கிட்டன்னு கேக்குறீங்களா? என் கையிலதான் இருந்துச்சு. கொள்கையா? ஒரு மண்ணும் தெரியாது. சேவல் மாதிரி கூவிக்கிட்டிருந்தேன்.