சேற்றில் நடந்த பரீட்சை

தேனடை மலையின் அடிவாரத்தில் மலையேற்றம் சொல்லிக்கொடுக்கிற பள்ளி ஒன்று இருந்தது. வாத்தியார் பெயர் திருமேனிநாதன். நல்ல மனுஷர். எறும்பை மிதித்துவிட்டால்கூட "மன்னிச்சுக்கோப்பா" என்பார். மாணவர்கள் நான்கு பேர்: ஒச்சப்பன், சிங்கராயன், ஏகாம்பரம், வைரவன். நாலும் மீசை முளைத்த பிள்ளைகள், தங்கமான குணம். மூளையை அளக்கும்போது மட்டும் ஆண்டவன் கை கொஞ்சம் சிக்கனமாகப் போய்விட்டது.

எதற்கும் உத்தரவு கேட்பார்கள். "ஐயா, தும்மல் வருது, தும்மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பொறுத்துப் பார்த்த வாத்தியார், பரீட்சை அன்று காலையில் ஒரு சட்டம் போட்டார்.

"நீங்க சொந்தப் புத்தியில நடக்கணும் பிள்ளைகளா. இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் நான் சொல்றதை எவன் கேக்குறானோ, அவன் ஃபெயில்!"

ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயிலானவர்கள். நாலு பேரும் அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி, கிளம்புங்க" என்றார் வாத்தியார்.

நாலு பேரும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அரைமணி நேரம் பார்த்தார். பிறகு பேசாமல் தானே எழுந்து நடந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்ற நிம்மதியில் இவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஓடையோரம் வந்ததும் பழக்க தோஷத்தில், "பாசி வழுக்கும், கண்ணைத் திறந்து வச்சு நடங்கடா" என்று சொல்லிவிட்டார்.

எட்டுக் கண்ணும் இறுக மூடிக்கொண்டன. ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தார்கள். இஞ்சின் ஒச்சப்பன். அவன் நேரே வந்து வாத்தியார் முதுகில் மோத, அவர் சறுக்கிக்கொண்டே போய்க் கரைக்குக் கீழே இருந்த புதைசேற்றில் தொபுக்கென்று விழுந்தார். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

"ஐயோ! கயிறு போட்டுத் தூக்குங்கடா!"

"கண்ணைத் திறக்கலாமா?" என்றான் ஏகாம்பரம்.

"நாமளா திறந்தா தப்பில்லை" என்றான் வைரவன். திறந்தார்கள்.

"பாவம்டா, முங்குறாரே!" ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தூக்கினா ஃபெயில்" என்றான் சிங்கராயன். "நம்ம மனசைச் சோதிக்கிறாருடா. இந்த வயசுல, நமக்காகச் சேத்துல இறங்கி... யாரு செய்வா?"

சேறு இடுப்புக்கு வந்தது.

"டேய்! அந்தச் சட்டம் ரத்துடா!"

"ரத்துன்னும் அவர்தானே சொல்றாரு" என்றான் வைரவன். மற்ற மூவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

வாத்தியார் "முருகா" என்று கண்ணை மூடினார். அந்த முருகன் கொடுத்த யோசனையோ என்னவோ, சட்டென்று கத்தினார்: "என்னைத் தூக்கவே தூக்காதீங்க! நான் இங்கேயே கிடக்கேன்!"

நாலு முகத்திலும் விளக்கு எரிந்தது. கயிறு பறந்தது. தம் கட்டி இழுத்தார்கள். இடுப்பு வெளியே வந்தது, தொடை வந்தது.

"அப்படித்தான் என் ராசாக்களா! விடாம இழுங்க!"

விட்டுவிட்டார்கள். வாத்தியார் நெஞ்சுவரை போனார்.

"நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒச்சப்பன் வருத்தப்பட்டான்.

"விடுங்கடா பாவிகளா! கயித்தைத் தொட்டீங்க, தொலைச்சுப்புடுவேன்!" என்று திட்டத் திட்ட, ஒருவழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடி போயிற்று. உயிர் மிஞ்சியது.

புல்லில் மல்லாந்து கிடந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நாலு பிள்ளைகளும் கை கன்றிப்போய், பாசத்தோடு குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு மனசு இளகிவிட்டது.

"நீங்களாவது அந்தச் சேத்துப் பக்கம் போயிடாதீங்கப்பா" என்றார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் மட்டும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். பிறகு வரிசையாகக் குதித்தார்கள்.

வாத்தியார் அலறியடித்துக் கயிற்றை வீசினார். "பிடிச்சுக்கோங்கடா!"

நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"பொழுது சாய இன்னும் எட்டு மணி நேரந்தாண்டா" என்றான் சிங்கராயன், இடுப்பளவுச் சேற்றில் நின்றபடி. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. இந்தத் தடவை பாஸ்தான்!"