மறு உத்தரவு வரும் வரை

அந்தக் கடலோர ஊருக்குப் புதுக் காய்ச்சல் ஒன்று வந்துவிட்டது என்று பேச்சு. அது பரவும் முன்பே சுகாதாரப் பணியாளர்கள் நாற்பது பேருக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க வழக்கறிஞர் இசக்கியம்மாளை வரவழைத்திருந்தார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்று. முன்வரிசையில் இருந்த சுகாதார ஆய்வாளர் பிச்சையாவுக்கு சர்வீசே இருபத்தெட்டு வருடம்.

பிச்சையா கையைத் தூக்கினார்.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க அண்ணாச்சி."

"போன கொள்ளைநோயில இந்தக் கையால எழுபது வீட்டு வாசல்ல தகரம் அடிச்சேன். அப்போ எனக்கு ஒரு சட்டப் பிரிவும் தெரியாது. ஊர் பிழைச்சுதா இல்லையா?"

"பிழைச்சுது."

"பிறகு எங்களுக்கு எதுக்கு இந்த வகுப்பு? ஜனங்களுக்கு எடுங்க. தகரத்தைப் பிரிச்சுக்கிட்டு ஓடுறது அவங்கதான். நாங்களா ஓடுறோம்?"

அறையே சிரித்தது.

இந்தக் கேள்விக்கு எதிர்வாதம் ஒன்றா இரண்டா? யாருக்கும் நாக்கு துறுதுறுக்கும். இசக்கியம்மாள் வாதாடவில்லை. பழைய சுவரொட்டிகளை அடுக்கி வைத்திருந்த பக்கத்து அறையைக் காட்டினார்.

"எனக்குக் காய்ச்சல். அதுதான் என் வீடு. உத்தரவு போட்டு என்னை அடைங்க."

பிச்சையாவுக்கு அது அரை நிமிட வேலை. 'நோய்த்தொற்று காரணமாக இவ்வீட்டில் உள்ளோர் மறு உத்தரவு வரும் வரை வெளியே வரக் கூடாது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' கையெழுத்துப் போட்டார். முத்திரை அவர் பையிலேயே இருந்தது. அதையும் குத்தி, தாளைக் கதவில் ஒட்டினார்.

இசக்கியம்மாள் அதை நின்று வாசித்தார். கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் மேசையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டார். அந்தக் கதவுக்கு வெளியே பூட்டு கிடையாது. தாழ்ப்பாள் உள்பக்கம்தான்.

"டீ வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் பிச்சையா. மறுபடி சிரிப்பு.

டீக்கு முன்னால் அவருக்கு மருத்துவ அலுவலரிடமிருந்து போன் வந்தது. உப்பளத் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் உறுதியாகிவிட்டது. உடனே போய் அடைக்க வேண்டும். பிச்சையா ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அப்போது மணி பதினொன்று.

திரும்பி வந்தபோது மணி நாலாகிவிட்டது.

வகுப்பில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. எல்லோரும் அந்தக் கதவின் முன்னால் நின்றிருந்தார்கள். மூச்சுவிடும் சத்தத்தில் பேசிக்கொண்டார்கள்.

"என்ன, மேடம் எங்கே?"

செவிலியர் ஜெசிந்தா கதவைக் காட்டினாள்.

"இன்னுமா?"

"நீங்கதானே சார் அடைச்சீங்க."

"நான் அடைச்சா? நாற்பது பேர் இருக்கீங்க. கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டு வெளியே வந்தா நடவடிக்கை எங்க மேலயா, அவங்க மேலயான்னு ஒரு மணி நேரம் சண்டை சார். உள்ளே தண்ணி குடுக்கலாமான்னு இன்னொரு மணி நேரம். நீங்க அதைப் பத்தி எழுதலை. உங்களுக்குப் போன் போட்டோம், தொடர்புக்கு அப்பால்னு வருது. வேற யார்கிட்ட கேட்கணும்னும் எழுதலை." ஜெசிந்தாவின் குரல் தாழ்ந்தது. "கதவுக்கு அடியில ரெண்டு பிஸ்கட் தள்ளினேன். தண்ணியை எப்படித் தள்ள?"

பிச்சையா கதவைத் தட்டினார்.

"மேடம், விளையாட்டு போதும். வெளியே வாங்க."

உள்ளிருந்து குரல் வறண்டு வந்தது. "மறு உத்தரவு வந்துட்டுதா அண்ணாச்சி?"

"அதான் சொல்றேனே."

"எழுத்துல அடைச்சீங்க. எழுத்துல திறங்க."

பிச்சையா தாள் கேட்டார். காலையில் அரை நிமிடத்தில் நான்கு வரி ஓடிய அதே கைக்கு, 'வெளியே வரலாம்' என்ற இரண்டு சொல்லை எழுத அவ்வளவு நேரமானது. எழுதும்போது கதவில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். ஆணி இல்லை, பூட்டு இல்லை, காவல் இல்லை. மாவுப்பசை தடவிய ஒரு தாள். அதற்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் நிற்கிறார்கள், அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள். சாமி சன்னதியில் நிற்பதுபோல அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினார். கொஞ்சம் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது.

இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. அந்த அறைக்கு மின்விசிறி கிடையாது. ஜெசிந்தா கொடுத்த தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார்.

"தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே இருந்துச்சு" என்றார் பிச்சையா. "தள்ளிட்டு வந்திருந்தா யார் கேட்கப் போறா?"

"முத்திரை குத்தியிருந்தீங்களே."

பிச்சையா உட்கார்ந்துவிட்டார்.

"உப்பளத் தெரு வீட்டுக்கும் இதையேதான் எழுதி ஒட்டிட்டு வர்றேன் மேடம்" என்றார். "ஒரு எழுத்து மாத்தலை. தகரமும் அடிச்சாச்சு."

"உள்ளே எத்தனை பேர்?"

"எட்டு. அதுல ஒரு பச்சை உடம்புக்காரி, பிள்ளை பெத்துப் பதினாறு நாள்."

"அவங்க வீட்டுத் தண்ணி?"

"தெருக்குழாய்ல பிடிக்கணும்."

பிச்சையா எழுந்தார்.

"தகரத்தைக் கழட்டிடவா மேடம்?"

"காய்ச்சல் பொய்யா?"

"இல்லை."

"அப்போ அடைச்சது சரி. எத்தனை நாளைக்குன்னு எழுதுங்க. எதுக்குன்னு எழுதுங்க. தண்ணி யார் கொண்டுவருவான்னு பேர் எழுதுங்க. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் போனா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், உங்க உத்தரவு தப்புன்னு பட்டா யார்கிட்ட முறையிடணும், அதையும் எழுதுங்க. எழுதி, அவங்களுக்குப் புரியற மாதிரி வாசிச்சுக் காட்டுங்க."

பிச்சையா எழுதத் தொடங்கினார். முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதில் பாதி போனதும் பேனாவை வைத்தார்.

"மத்தியானம் நான் அதை வாசிக்கறப்போ வீட்டுப் பெரியவர் கைகட்டி நின்னார் மேடம். எத்தனை நாள்னு கேட்கலை. தண்ணிக்கு என்ன வழின்னு கேட்கலை. 'சரிங்கய்யா'ன்னார். அவ்வளவுதான். ஒரு வருஷம்னு எழுதியிருந்தாலும் அந்த மனுஷன் சரிங்கய்யான்னுதான் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார்" என்றார் இசக்கியம்மாள். "அதனாலதான் அண்ணாச்சி, வகுப்பு உங்களுக்கு."