பத்து நிமிடம் பார்த்த காசு

ஏலத்துக்கு வரும் தங்கக் காசுகளைத் தட்டில் ஏந்திப் போய்ச் சேகரிப்பாளர்களுக்குக் காட்டுவதுதான் இசக்கியின் வேலை. அன்று உலகத்திலேயே மூன்றே மூன்று இருப்பதாகச் சொல்லப்பட்ட சோழர் காசை ராஜரத்தினத்திடம் நீட்டினாள். அவர் ஓர் ஏலத்தையும் தவறவிடாத பெரும்புள்ளி. லென்ஸை வைத்துப் பத்து நிமிடம் பார்த்தவர், காசைத் தட்டில் எறிந்துவிட்டுக் கத்தினார்.

“இது போலி! இந்தப் பொண்ணு வழியிலேயே மாத்திட்டா. போலீஸைக் கூப்பிடுங்க!”

பெரிய மனிதர் சொல்லிவிட்டால் விசாரணை எதற்கு? காவலாளி கதவைச் சாத்தினான். மேலாளர் போனை எடுத்தார். தட்டில் இப்போது கிடந்தது போலிதான் என்று இசக்கிக்கும் தெரிந்தது.

“ஐயா,” என்றாள் மெல்ல, “நான் கொண்டுவந்ததே போலின்னா, அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கா பத்து நிமிஷம் ஆச்சு?”

கூடம் கொல்லென்று சிரித்தது. ராஜரத்தினத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“யாரைப் பார்த்துடி கேக்கறே? நாப்பது வருஷமா காசு பாக்கறவன்டி நான்! போலின்னா ஒரே நொடியில தெரிஞ்சிருக்கும்; பத்து நிமிஷம் லென்ஸ்ல நான் பார்த்தது சுத்தமான அசல்!”

“அப்போ என் தட்டுல வந்தது அசல்தானே, ஐயா?”

மேலாளர் போனைக் கீழே வைக்கவில்லை.

“ஆமாம், போலீஸ் வரட்டும்,” என்றார், ராஜரத்தினத்தின் கோட்டுப் பையைப் பார்த்தபடி.