அரசி வேஷம்

“என் பேரை வச்சுக்கிட்டு இன்னொருத்தி கைத்தட்டு வாங்குறா, சாமி,” என்றாள் அரசி பெருநங்கை.

மருதியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலைக்குகையில் தனியாக வாழும் துறவி அவர். அரசியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த நாட்டில் அரசி தரையில் உட்கார்ந்து பேசுவது அவர் ஒருவர் முன்னால்தான்.

“யாரு அது?”

“வஞ்சின்னு ஒரு கூத்தாடி. என் வேஷம் கட்டுறா.”

“தப்புத்தப்பா ஆடுறாளா?”

“அப்படி ஆடினாத் தொலையட்டும்னு விட்டிருப்பேனே. அச்சு அசலா ஆடுறா.”

அரசி மடியிலிருந்து ஒரு மண்பொம்மையை எடுத்து வைத்தாள். தலையில் கிரீடம், இடுப்பில் வாள். ஒரு கை ஒடிந்திருந்தது.

“அரசி பொம்மை, அரசி பொம்மைன்னு சந்தையில கூவிக் கூவி விக்கிறான். கிரீடம் என் கிரீடம். வாள் என் வாள். மூஞ்சி மட்டும் அவ மூஞ்சி!”

“கை ஏன் ஒடிஞ்சிருக்கு?”

“நான்தான் ஒடிச்சேன்.”

மருதியார் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

“சின்னப் பொண்ணுங்க எல்லாம் பனை ஓலையில கிரீடம் கட்டிக்கிட்டு அவளை மாதிரி நடக்குதுங்க. எனக்குத் தலை வாரிவிடுற பொம்பளைகூட அவளை மாதிரிப் புருவத்தைத் தூக்குறா. நான் தெருவுல போனா சனம் தலையைக் குனியுது. அவ போனா எட்டி எட்டிப் பாக்குது.”

பொறாமையில் வயிறு எரிந்தது. அரசி என்பதற்காக அது வேறு இடத்தில் எரிவதில்லை.

“கூத்துல என்ன கதை?”

“என் கதைதான். நான் ஏரி வெட்டுனது வருது. பஞ்சத்துல களஞ்சியத்தைத் திறந்துவிட்டது வருது. பொழுது சாஞ்சா நாலு பேர் ஒண்ணா நிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டேனே, அதுவும் வருது. அந்தச் சட்டத்தாலதான் கூத்தையே பட்டப்பகல்ல ஆடுறாங்க.”

அரசியின் குரல் இறங்கியது.

“ஆதனுக்குப் பால் குடுத்ததும் வருது.”

ஆதன் அவளுடைய தம்பி. எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட ஒத்துக்கொண்டவன். அவன் காய்ச்சலில் செத்துப்போனதாக அரசி ஊரெல்லாம் பறையறைந்து சொன்னாள். ஊர் கேட்டுக்கொண்டது. நம்பவில்லை.

“நாட்டுக்காகத்தான் அதைச் செஞ்சேன், சாமி. அவளும் அப்படித்தான் காட்டுறா. மூடி மறைக்கவும் இல்ல, என்னைப் பேயாக்கவும் இல்ல. சனம் தேம்பித் தேம்பி அழுவுது. யாருக்காக? அவளுக்காக! நஞ்சு கலந்தது நானு, அழுகை அவளுக்கா?”

“நீங்க அழுதீங்களா?”

“அரசி அழக் கூடாது.”

மருதியார் மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தார்.

“நாளைக்குக் கூத்து முடிஞ்சதும் அவ நாக்கை அறுக்கச் சொல்லியிருக்கேன்,” என்றாள் அரசி. “பாவம் வருமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“கூத்தை முழுசாப் பாத்தீங்களா?”

“முக்காடு போட்டுக்கிட்டு ரெண்டு தரம் பாத்தேன். அவ கிரீடம் வச்சுக்கிட்டதும் முடிஞ்சிரும். சனம் எழுந்துச்சு, நானும் எழுந்து வந்துட்டேன்.”

“அப்ப முழுசாப் பாக்கல.”

“அதுக்கு மேல என்ன இருக்கு?”

“நாளைக்கு நானும் வர்றேன். அறுக்கிறவனையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

*

ஏரிக்கரைத் திடல். அரசி வெட்டிய ஏரிதான். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படியும் உட்கார இடமில்லை.

அரசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மருதியார். பின்னால் காவலன் காரி, சாதாரண வேட்டியில், இடுப்பில் கத்தியை ஒளித்துக்கொண்டு.

மத்தளம் முழங்கியது. வஞ்சி வந்தாள்.

“குட்டை. பல்லும் எடுப்பு,” என்றாள் அரசி. அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

வஞ்சி புருவத்தைத் தூக்கினாள். அதற்கப்புறம் அவள் பல்லை யாரும் பார்க்கவில்லை. அரசியும் பார்க்கவில்லை.

ஆதனாக மூக்கன் என்பவன் வந்தான். சிரித்துக்கொண்டே வந்து அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தான். வஞ்சி பால் கிண்ணத்தை நீட்டினாள். கை நடுங்கியது. திடலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“பொய்!” என்று சீறினாள் அரசி. “என் கை நடுங்கல.”

மருதியார் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மூக்கன் குடித்தான், சரிந்தான். வஞ்சி அவனைத் தாண்டிப் போய்க் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். திடல் எழுந்து நின்று கத்தியது. மேடையில் பூ வந்து விழுந்தது.

அரசிக்குப் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாவி மவ, இந்த ஊருக்காக என்னத்தையெல்லாம் சுமக்கிறா பாரு,” என்று வஞ்சியைக் காட்டி அரசியிடமே சொன்னாள்.

பொம்மை கையில் இருந்திருந்தால் மிச்சமிருந்த கையையும் அரசி ஒடித்திருப்பாள்.

கூட்டம் கலைந்தது. காரி எழுந்தான். அரசியும் எழுந்தாள். மருதியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உக்காருங்க.”

திடல் காலியானது. மத்தளக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ சோற்றுப் பானையைத் தூக்கி வந்து வைத்தார்கள். மூக்கன் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தான்.

“அவன் ஏன் இன்னும் எழுந்திருக்கல?”

“அது கூத்தாடிங்க வழக்கம்,” என்றார் மருதியார். “ஆட்டத்துல செத்தவன் தானா எழுந்திருக்கக் கூடாது. கொன்னவ வந்து கூப்பிடணும். அதுவரைக்கும் அவ கிரீடத்தைக் கழட்ட மாட்டா. மத்தவங்க சோத்துல கை வைக்க மாட்டாங்க.”

வஞ்சி வந்தாள். கிரீடத்தோடு மண்ணில் உட்கார்ந்தாள். மூக்கனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஆதா, அக்கா வந்திருக்கேன். எழுந்திரு.”

மூக்கன் அசையவில்லை.

“ஆதா.”

குறட்டை வந்தது. மத்தளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

“டேய் மூக்கா! சோறு ஆறுதுடா!”

மூக்கன் ஒரு கண்ணைத் திறந்தான். “ஏன்க்கா இப்படி வெயில்ல போட்டுக் கொல்ற? நாளைக்காவது நிழல்ல வச்சுக் கொல்லு.”

“சரிடா, நிழல்லயே கொல்றேன். மொதல்ல இதைக் குடி.”

அதே கிண்ணம். அதில் பால் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் ஊற்று என்று கிண்ணத்தை நீட்டினான். வஞ்சி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகுதான் கிரீடத்தைக் கழற்றினாள்.

அரசி எழுந்து நடந்துகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முக்காடு நழுவியது.

மத்தளக்காரன் ஒருவன் அவளை அடையாளம் கண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மற்றவர்களும் விழுந்தார்கள். வஞ்சி விழவில்லை. உட்கார்ந்தபடி மூக்கனைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

காரி ஓடி வந்தான். “தாயே, அறுக்கட்டுமா?”

அரசி காதில் அது விழவில்லை. அவள் மூக்கனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசையில் பால் ஒட்டியிருந்தது.

“தெனமும் எழுந்திருக்கிறானா?” என்று கேட்டாள்.

வஞ்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

“நீ கூப்பிட்டா?”

“ஆமா, தாயே.”

அரசியின் வயிறு முன்னைக்காட்டிலும் மோசமாக எரிந்தது.

“கைத்தட்டு எனக்கு வேணாம். பொம்மையில உன் மூஞ்சியே இருந்துட்டுப் போகட்டும். இந்த இடத்தை மட்டும் ஒரு நாள் எனக்குக் குடு. நான் அவனைக் கூப்பிடுறேன். ஒரே ஒரு நாள்.”

வஞ்சி மருதியாரைப் பார்த்தாள். மருதியார் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுக்கிறேன், தாயே,” என்றாள் வஞ்சி. “ஆனா கொன்னவ கூப்பிட்டாத்தான் அவன் எழுந்திருக்கலாம். அதுக்கு முன்னாடி பாலையும் நீங்கதான் குடுக்கணும். முக்காடு இல்லாம. சனம் எல்லாம் பாக்க.”

காரியின் கை இடுப்புக்குப் போனது.

“நீ போ,” என்றாள் அரசி.

அவன் போனான்.

கிண்ணம் இன்னும் மூக்கன் கையில்தான் இருந்தது. அரசி அதை வாங்கக் கையை நீட்டினாள்.

கை நடுங்கியது.