அரசரும் கணக்குப் போட்டார்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு நாட்டை வீரவழுதி என்ற அரசர் ஆண்டார். ஒருநாள் கலாசாலைக்குப் போனவர், கணித மாணவர்கள் தரையில் வட்டமும் கோடும் வரைந்து நாள் முழுக்க வாதாடுவதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இதைப் படித்து என்ன வேலைக்குப் போவார்கள்?"

"ஒரு வேலைக்கும் உதவாது, அரசே. கணிதச் சாலையை மூடிவிடலாம்" என்றார் அமைச்சர் அரங்கராயர். விகடகவி மருதக்கூத்தனின் மகள் செங்கமலம் அங்கே கடைசி ஆண்டு படிப்பதில் அவருக்கு வயிற்றெரிச்சல். "ஆணையை மருதக்கூத்தனே நிறைவேற்றட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அரசர் ஓலை எழுதினார்: "நாளை விடிந்ததும் கணக்குப் போடுகிற எவரும் என் அரண்மனையில் இருக்கக் கூடாது. மாலையில் கணிதச் சாலையைப் பூட்ட வேண்டும்."

செங்கமலம் அழுதாள். மருதக்கூத்தன் ஓலையை நான்கு முறை படித்தான்.

மறுநாள் அரசர் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. நாழிகை மணி அடிக்கவே இல்லை. குளிக்கப் போனால் தொட்டியில் நீர் இல்லை. தலைவலிக்கு மருந்து கேட்டால் வைத்தியரைக் காணோம். பதறியடித்துச் சபைக்கு வந்து சிம்மாசனத்தில் விழுந்தார்.

"எங்கே எல்லோரும்?"

"நாழிகை பார்ப்பவர், மதகு திறப்பவர், மருந்து அளப்பவர், கோபுரம் கட்டும் பெருந்தச்சர், எல்லோரும் கணிதச் சாலையில் படித்தவர்கள், அரசே. கணக்குப் போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். வெளியே அனுப்பிவிட்டேன்" என்றான் மருதக்கூத்தன்.

அந்த நேரத்தில் காவலர் இருவர் அரங்கராயரையும் வாசல் பக்கம் இழுத்துப் போனார்கள்.

"இவர் என்ன கணக்குப் போட்டார்?" என்று கேட்டார் அரசர்.

"என்னைக் கவிழ்த்துவிட்டுத் தம் மருமகனை என் இடத்தில் உட்காரவைக்க மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் போடுகிறார். சபைக்கே தெரியும்" என்றான் மருதக்கூத்தன்.

அரங்கராயர் முகம் வெளுத்தது. சபையில் பலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அரசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இவர் பேச்சைக் கேட்டுத் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேனே."

மருதக்கூத்தன் ஓலையை உயர்த்திக் காட்டினான். "காவலர்களே, கேட்டீர்களா? அரசரும் கணக்குப் போட்டாராம். மரியாதையாக வெளியே அழைத்துச் செல்லுங்கள்."

சபைக்கே தூக்கிவாரிப் போட்டது. காவலர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆள் தொலைந்தான் என்றுதான் நானும் நினைத்தேன். அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"முதலில் அந்த ஓலையைக் கிழித்துப் போடு. அதுவரை நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தார். செங்கமலம் மறுநாளும் பாடம் படிக்கப் போனாள்.